வாஸ்து பாஸ், கூரை ஃபெயில்

வீடு பார்க்கப் போனால் எதைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். பால்கனியைப் பார்க்க வேண்டும். நாற்காலி போட இடமிருக்கிறதா, எதிர்வீட்டுக்காரர் கண்ணில் படாமல் காபி குடிக்க முடியுமா, அவ்வளவுதான். திருவான்மியூரில், கடற்கரைக்கு நடை தூரத்தில் இருந்த அந்த மூன்றாவது மாடி ஃப்ளாட் இரண்டிலும் தேறியது. போதாததற்குக் கடற்காற்று. “இந்தக் காத்துக்கே சதுர அடிக்கு ஐந்நூறு சேத்துக் குடுக்கலாம் சார்” என்றார் தரகர். விலையில் அது ஏற்கெனவே சேர்ந்துதான் இருந்தது. நான் எங்கே அதைக் கவனித்தேன்? மனத்துக்குள் குடியேறி, வாட்ச்மேனுக்குப் பொங்கல் இனாம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கூடத்தில் ஃபால்ஸ் சீலிங். படுக்கையறையில் ஒரே ஒரு சுவருக்கு மட்டும் பூப்போட்ட வால்பேப்பர். எங்கும் புதுப் பெயின்ட் வாசனை. “நல்ல ரசனை சார் உங்களுக்கு” என்று வீட்டுக்காரரைப் பாராட்டினேன். அவர் அடக்கமாகச் சிரித்தார். அந்த அடக்கத்துக்குக் காரணம் பிறகு தெரிந்தது.

காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. தாய்ப்பத்திரம், சிஎம்டிஏ அப்ரூவல், முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு வக்கீல் ‘கிளியர் டைட்டில்’ என்று எழுதிக் கொடுத்தார். வங்கி அனுப்பிய இன்ஜினீயர் கூடத்தில் நின்றபடி நாலு படம் எடுத்து, மதிப்பு இவ்வளவு என்று குறித்துக்கொண்டு போனார். வாஸ்துக்காரர் கிழக்கு வாசலையும் தென்கிழக்கு அடுப்பையும் பார்த்து நூற்றுக்கு நூறு போட்டார். “அக்ரிமென்ட்டப் போட்டுருங்க மாப்பிள்ளை, நல்ல நாள் போயிடும்” என்றார் மாமனார்.

குறுக்கே வந்தவள் மனைவி. “நாமளே ஒரு சிவில் இன்ஜினீயர வெச்சுப் பாத்துடலாங்க.” வெண்டைக்காயைக்கூட நுனி ஒடித்துப் பார்க்காமல் வாங்காதவள்.

வந்தவர் கையில் சின்னச் சுத்தியல், ரசமட்டம், டார்ச், ஈரம் பார்க்கும் மீட்டர். என் பால்கனியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, ஃபால்ஸ் சீலிங்கில் ஒரு விளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் மொபைலை விட்டுப் படம் எடுத்துக் காட்டினார். கான்கிரீட் பெயர்ந்து, துருப்பிடித்த கம்பிகள் வெளியே தெரிந்தன. பெயர்ந்து விழுந்ததெல்லாம் அந்த ஃபால்ஸ் சீலிங் மேலேயே பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அலங்காரம் என்று நான் நினைத்தது ஏந்திக்கொள்ளக் கட்டிய தட்டு.

உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்குமாம். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். இடமில்லாவிட்டால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளிவிடும். ஸ்லாபில் கம்பிக்குக் கீழே குறைந்தது 20 மில்லிமீட்டர் கவர் வேண்டும், கடலோரத்தில் இன்னும் கூடுதலாக. “இங்க பிளாஸ்டரிங்தான் சார் கவரே” என்றார். சதுர அடிக்கு ஐந்நூறு கூடுதலாகக் கொடுத்து நான் வாங்க இருந்த காற்று இதுதான்.

வால்பேப்பர் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம். மீட்டரை வைத்ததும் அது அலறியது. சுத்தியலால் தட்டினால், பூச்சு விட்டுப்போன டொப் டொப். மொட்டை மாடியில் தட்டோட்டு இடுக்கெல்லாம் வாய் திறந்திருந்தது. போதாக்குறைக்குக் கொடிக்கம்பம் நட யாரோ துளை போட்டு, நட்டுவிட்டு, பூச மறந்திருந்தார்கள். மழைத்தண்ணீர் நேராக என் வருங்காலக் கூடத்துக்கு.

“பால்கனியாவது?” என்று கேட்டேன். கடைசியாக அதையும் கீழிருந்து பார்த்தார். சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கிற ஸ்லாப், கடலைப் பார்த்த பக்கம். வீட்டிலேயே அதுதான் படுமோசம். பாரம் ஏற்ற வேண்டாம் என்றார். ஒரு நாற்காலி பாரமா என்று விசாரித்தேன். என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, “உக்கார்றவங்களப் பொறுத்தது சார்” என்றார்.

அன்று இரவு, சுத்தியலுக்குப் பதிலாக ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொண்டு எங்கள் வாடகை வீட்டுச் சுவரையெல்லாம் தட்டிப் பார்த்தேன். இங்கேயும் பாதிச் சுவர் டொப் டொப் என்றது. பாத்ரூம் சுவரில் இருந்த ஓதக் கறையை, மகள் சின்ன வயதில் கிறுக்கிய யானை என்று இத்தனை காலமும் நினைத்துப் பாசத்தோடு பாதுகாத்து வந்திருக்கிறேன். வாடகை வீட்டில் யானை. அதையே கடன் வாங்கி வாங்கினால் ஓதம்.

ரிப்போர்ட்டைத் தரகரிடம் காட்டினேன். ஆள் பதறுவார் என்று பார்த்தால், முகம் மலர்ந்துவிட்டது. “கட்டடம் நல்லா இருந்தாத்தான் சார் பிரச்சினை. இன்னும் முப்பது வருஷத்துக்கு இடிக்க விடமாட்டாங்க. ஸ்லாப் இப்படி இருக்கிறது உங்க யோகம். நீங்க வாங்குறது வீட்டையா? யுடிஎஸ்ஸ சார்!” அடிமனையில் என் பங்குதான் சொத்து, மேலே நிற்பது சும்மா தற்காலிகம். பில்டர் வருவார், இடிப்பார், லிஃப்டோடு புது வீடு தருவார். முன்பு போல ஒருவர் முறைத்தால் நின்றுவிடாது. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமையாளர் சட்டம், 2022 வந்த பிறகு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். தரகர் சொன்ன சட்டம் சரிதான், விசாரித்துவிட்டேன். ஆக, ரிப்போர்ட் எவ்வளவுக்கு எவ்வளவு மோசமோ அவ்வளவுக்கு நல்ல வீடு. நான் மயங்கிவிட்டேன். எனக்கு மயங்க அதிகம் தேவைப்படாது.

மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “இத்தனை வருஷமா மொட்டை மாடிய ஏன் சரி பண்ணல?”

விசாரித்தோம். மொட்டை மாடி பொதுச்சொத்து, எல்லாரும் பணம் போட வேண்டும் என்பது மூன்றாவது மாடிக் கட்சி. எங்கள் வீட்டில் ஒழுகவில்லையே என்பது தரைத்தளக் கட்சி. நடுமாடிக்காரர்கள் இரு தரப்புக்கும் தலையாட்டிவிட்டு வாட்ஸ்ஆப் குழுவை மியூட்டில் போட்டிருக்கிறார்கள். ஒரு கொடிக்கம்பத் துளையைப் பூசச் சேராத மூன்றில் இரண்டு பங்கு, கட்டடத்தையே இடிக்க எப்போது சேருமோ! அதுவரை என் தலைக்குமேல் அந்த ஸ்லாப்.

இன்ஜினீயர் போட்டுக் கொடுத்த பழுதுச் செலவு, முத்திரைத் தீர்வை 7 சதவீதத்தையும் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்தையும் கூட்டினால் வருகிற தொகைக்குக் கிட்டத்தில் நின்றது. அதைக் கழித்து ஒரு விலை சொன்னோம். சொன்னது மனைவி, நான் பக்கத்தில் உறுதியான முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒருவர் வீடியோவில் பார்த்து, வால்பேப்பர் ரொம்பப் பிடித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். எங்களால் அதற்குமேல் ஏற முடியாது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டோம். மாமனாருக்கு வருத்தம்; வாஸ்துக்காரருக்கு அதைவிட வருத்தம்.

அமெரிக்காக்காரர் இன்னும் பணம் அனுப்பவில்லை என்று கேள்வி. திருவான்மியூரில் மூன்றாவது மாடி, கிழக்கு வாசல், தடையில்லாக் கடற்காற்று. உங்களுக்கு வேண்டுமானால் தரகர் நம்பரை என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஜினீயர் நம்பர் என் மனைவியிடம் இருக்கிறது. முதலில் அவளிடம் பேசுங்கள்.