முகத்தின் தெற்கு எல்லை: முத்தாண்டிக்குப்பம் வட்டாரப் பவுடர்க் கோடு குறித்து ஓர் ஆய்வு

நெய்வேலியை ஒட்டிய முந்திரிக்காட்டு ஊர்களில், குறிப்பாக முத்தாண்டிக்குப்பத்தில், வைகாசி முகூர்த்தத்தன்று பந்தியில் உட்கார்ந்து எதிர்வரிசையை நிதானமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு ஓர் உண்மை தப்பாது. காதோரம் கிளம்பித் தாடை எலும்பின் வழியே மறு காதுவரை ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே பவுடரின் வெண்மை. கீழே கழுத்து, அவரவர் சொந்த நிறத்தில். ஆண், பெண், மாப்பிள்ளையின் தாய்மாமன் என்ற வேறுபாடு இதற்கில்லை. லிக்னைட்டுக்காக 1956-இல் தனி நிறுவனமே தொடங்கி மண்ணடுக்குகளை அங்குலம் அங்குலமாக ஆராய்ந்த வட்டாரம் இது. மேற்பரப்பிலேயே கிடக்கும் இந்தக் கோட்டை மட்டும் ஒருவரும் சீண்டவில்லை. பவுடரின் எல்லையை வகுப்பது கண்ணாடியே என்பது இக்கட்டுரையின் துணிபு. ஆணியில் மாட்டிய கண்ணாடியில் எவ்வளவு தெரிகிறதோ, அவ்வளவே முகம் எனப்படும்.

கழுத்தில் பூசியது வியர்வையில் கரைந்துவிட்டது என்பார் சிலர். வியர்வை கரைத்திருந்தால் ஓரம் திட்டுத்திட்டாக இருக்கும், கழுத்து மடிப்புகளில் வெள்ளை வரி தேங்கும். நாம் காண்பதோ நிலஅளவையர் சங்கிலி பிடித்தாற்போன்ற நேர்க்கோடு. மேலும், அதிகம் வியர்ப்பது நெற்றி. அங்கே பவுடர் நிற்கிறதே! சுரங்கத் தூசி கழுத்தைக் கறுக்கடித்தது என்பது இரண்டாம் கட்சி. தூசி கழுத்தைத் தேடிப்பிடித்து உட்காராது. தவிர, லிக்னைட் வாசனையே அறியாத கும்பகோணத்திலும் இதே கோடு உண்டு. சிக்கனம் என்னும் மூன்றாம் கட்சிக்கு விரிவான மறுப்பு தேவையில்லை. டால்க் என்பது மக்னீசியம் சிலிகேட். கனிமங்களிலேயே மிக மென்மையானது, மோஸ் அளவுகோலில் 1. விலையிலும் அதற்கு அப்படியொன்றும் கடினமில்லை. கைக்குழந்தையைக் குளிப்பாட்டியதும் அக்குள், தொடையிடுக்கு, உள்ளங்கால்வரை அதே டப்பாவைக் கவிழ்ப்பவர்கள் தங்கள் கழுத்துக்கு மட்டும் கணக்குப் பார்ப்பார்களா?

அந்தக் குழந்தைதான் நமது முதற்சான்று. அது கண்ணாடி பார்ப்பதில்லை. தாய் நேரே பார்த்துப் பூசுகிறாள். ஆகவே எல்லையே இல்லை. இரண்டாம் சான்று முந்திரி. இந்த வட்டாரத்தில் கொட்டை உடைப்பது பெரும்பாலும் பெண்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெயில் அனகார்டிக் அமிலம் உண்டு. பட்ட இடம் வெந்து தோல் உரியும். அதைத் தவிர்க்க விளக்கெண்ணெயோ சாம்பலோ தடவிக்கொள்ளும்போது விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு எதுவும் விடுபடாது. கையைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம்; விட்ட இடத்தை ஓட்டெண்ணெயும் காட்டிக்கொடுத்துவிடும். தோல் பராமரிப்பு தெரியாதவர்கள் என்று நகரத்து அழகுக்கலைக் குறிப்பு எழுதுபவர்கள் இவர்களைப் பற்றிச் சொன்னால், அந்தக் கைகளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லட்டும். மூன்றாவது சலூன். முன்னும் பின்னும் கண்ணாடி உள்ள அந்த ஓரிடத்தில்தான் தமிழனின் பின்கழுத்துக்குப் பவுடர் கிடைக்கிறது. வெட்டிய முடி உதிர்வதற்காக அப்படிச் செய்கிறார்கள் எனின், முடி காதுக்குள்ளும் விழுகிறது. அங்கே யாரும் பவுடர் போடுவதில்லை. தெருக்கூத்துக் கலைஞர்களோ சிக்கலைப் பழங்காலத்திலேயே தீர்த்துவிட்டார்கள். கையகலக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தாங்களே ஒப்பனை செய்துகொள்கிறவர்கள் அவர்கள். கோடு விழும் இடத்துக்குக் கீழே மார்புப் பதக்கமும் புஜக்கட்டையும் ஏறிவிடும். துரியோதனனுக்குக் கழுத்து எந்த நிறம் என்று எவரும் கேட்டதில்லை.

இனி, பியூட்டிஷியன் படிப்பு பெருகிவிட்டதால் கோடு அழிந்துவிடும் என்பாருக்கு ஒரு விடை. அந்தப் படிப்பு இக்கட்டுரையின் கட்சியையே வலுப்படுத்துகிறது. ஃபவுண்டேஷன் நிறத்தை மணிக்கட்டில் தேய்த்துப் பார்க்காதே, தாடையோரத்தில் வைத்துக் கழுத்தோடு ஒப்பிடு, கீழ்நோக்கி இழுத்துக் கலந்துவிடு என்பது அங்கே முதற்பாடம். பயிற்சியும் பெரும்பாலும் பக்கத்து மாணவியின் முகத்தில்தான். அதாவது, கலை என்பது பிறர் முகத்தை நேரே பார்ப்பது. (அப்படிப் பார்க்கும் உரிமையே திரைத்துறையில் பெண்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. மும்பையில் திரை ஒப்பனையாளர் சங்கம் ஒப்பனைக் கலைஞர் அட்டையை ஆண்களுக்கே ஒதுக்கிப் பெண்களைச் சிகை அலங்காரத்தோடு நிறுத்தியிருந்தது. 2014 நவம்பரில் ஒப்பனைக் கலைஞர் சாரு குரானா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம்தான் அந்தக் கோட்டை அழித்தது.) கைபேசி வந்தபின் கண்ணாடி எதற்கு என்போர் செல்ஃபி எடுக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். கை மேலே போகிறது, முகம் நிமிர்கிறது, தாடை கழுத்தை மறைத்துவிடுகிறது. கைபேசியும் ஆணியில் மாட்டாத கண்ணாடிதான். கல்யாண ஆல்பம் வேறு ரகம்: சில முகப்பவுடர்களில் உள்ள டைட்டானியம் டையாக்சைடும் சிலிக்காவும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பியடிக்க, மண்டபத்தில் லேசாகத் தெரிந்த கோடு படத்தில் வரப்புபோல் எழுந்து நிற்கும். அதற்கு நிழற்படக்காரரைத் திட்டுவது நியாயமன்று.

ஆணியை ஓரடி இறக்கி அடிக்கலாம். ஆனால் உயரமானவர்கள் அப்போது நெற்றியை விட்டுவிடக்கூடும். ஆகையால் வரவேற்புக்குக் கிளம்பும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பவுடர் டப்பாவை மூடுமுன் வீட்டில் யாரையாவது கூப்பிட்டு, வாசல் வெளிச்சத்தில் நின்று, கழுத்தைக் காட்டுங்கள்.