எம்பிக் குதித்தால் எம்பி

கராத்தே வகுப்பில் அடிதடி நடக்கும் என்று நம்பி வருகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஏமாற்றம்தான். அங்கே உதை வாங்கியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வாக்குவாதத்தில் தோற்று, தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் கட்டா.

தெரியாதவர்களுக்காக: கட்டா என்பது எதிரே ஆளே இல்லாமல் போடுகிற சண்டை. இடப்பக்கம் ஒருவன் வருகிறான், தடுத்துக் குத்து. வலப்பக்கம் இன்னொருவன், திரும்பித் தடு. முன்னால் மூன்று பேர், ஏறிப் போ. இதில் ஒரு கால்கூட மாற்றி வைக்கக் கூடாது. வராத எதிரிகள் எல்லாரும் தினமும் அதே வரிசையில், அதே திசையிலிருந்து, சொல்லிவைத்தபடி வருவார்கள்.

திருச்சியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்கால வகுப்பு. மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திட்டில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தவள் நான். "சும்மா உக்காந்திருக்கிற நேரத்துக்கு நீங்களும் வந்து நில்லுங்களேன், மேடம்" என்று மாஸ்டர் கூப்பிட்டார். போய் நின்றேன். எனக்கு வெள்ளை பெல்ட், மகளுக்கு பிரவுன் பெல்ட். வீட்டில் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கச் சொல்லி அவளை விரட்டுகிற நான், ஆறு மணிக்கு மேல் அவளுக்குக் குனிந்து 'ஓஸ்' சொல்ல வேண்டும். அவளும் அம்மா என்று கூப்பிட மாட்டாள். "கடைசி வரிசையில நிக்கிறவங்க, முட்டியை மடக்குங்க" என்பாள்.

எங்களுடையது ஷோட்டோகான் என்ற பிரிவு. முதலில் சொல்லித்தரும் கட்டாவுக்கு ஹெய்யான் ஷோதான் என்று பெயர். மொத்தம் 21 அசைவுகள். அதில் இரண்டு இடத்தில், 9ஆவதிலும் 17ஆவதிலும், வாய்விட்டுக் கத்த வேண்டும். பாதிப் பிள்ளைகள் கராத்தேயில் சேர்வதே இந்த இரண்டு கத்தலுக்காகத்தான். வீட்டில் கத்தினால் அடி விழும். இங்கே கத்தாவிட்டால் திட்டு விழும்.

இந்த நிம்மதியான உலகத்துக்குள் தூத்துக்குடியிலிருந்து ஒரு பையன் வந்து சேர்ந்தான். அப்பாவுக்கு மாற்றல். அங்கே ஷிட்டோ ரியூ என்ற வேறு பிரிவில் படித்தவன், பச்சை பெல்ட். "தெரிஞ்ச கட்டா ஒண்ணு பண்ணிக் காட்டு தம்பி" என்றார் மாஸ்டர். பையன் குனிந்து வணங்கினான். மைதானம் அதிர "பினான் நிதான்!" என்றான். பிறகு எங்கள் ஹெய்யான் ஷோதானைச் செய்தான்.

பத்து வயது ஆரஞ்சு பெல்ட் ஒருவன் துடித்துப்போய்விட்டான். "மாஸ்டர், ஃபர்ஸ்ட் கட்டாவைப் பண்ணிட்டு செகண்டுங்கிறான்!"

"எங்களுக்கு இதுதாம்ணே செகண்டு" என்றான் தூத்துக்குடிக்காரன், தன்னைவிடச் சின்னவனைப் பார்த்து. ஊருக்குப் புதுசு என்பதால் அந்த மரியாதை.

"அப்ப உங்க ஃபர்ஸ்ட் எது?"

செய்து காட்டினான். அது எங்கள் இரண்டாவது கட்டா.

மைதானத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். பேர் தப்பு, நம்பர் தப்பு, காலைக் குறுக்கி வைக்கிறான், இடுப்பு இறங்கவே இல்லை என்று குற்றப்பத்திரிகை நீண்டது. அவன் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொன்னான்: "எங்க மாஸ்டர் இப்படித்தான சொல்லித்தந்தாரு." கராத்தேயில் இதற்கு மேல் முறையீடு கிடையாது. பிரச்சினை என்னவென்றால், எதிர்க்கட்சியிடமும் இதே ஆதாரம்தான் இருந்தது.

அன்று இரவு நான் புத்தகங்களைப் புரட்டினேன். இருவர் சொன்னதும் சரி! ஒக்கினாவாத் தீவில் இட்டோசு ஆன்கோ என்று ஒரு பெரியவர். 1900-களின் தொடக்கத்தில் அங்கே பள்ளிக்கூடங்களுக்குள் கராத்தேயைக் கொண்டுவந்தவர். பிள்ளைகளுக்கென்று அவர் அமைத்துக் கொடுத்தவைதான் ஐந்து பினான் கட்டாக்கள். அவரிடம் படித்தவர்களில் இருவர் ஃபுனாகோஷி கிச்சினும் மாபுனி கென்வாவும். ஃபுனாகோஷி 1922-இல் டோக்கியோவுக்குப் போய் கராத்தேயைக் காட்டி, அங்கேயே தங்கிவிட்டார். பினான் என்று எழுதும் அதே இரண்டு எழுத்துகளை ஜப்பானிய முறையில் படித்தால் ஹெய்யான்; அப்படியே வைத்துக்கொண்டார். கூடவே ஒரு காரியம் செய்தார். முதலாவதைவிட இரண்டாவது கட்டா லேசாக இருந்ததால் இரண்டையும் இடம் மாற்றினார். மாபுனி பழைய வரிசையை விடவில்லை. ஃபுனாகோஷி வழியில் வந்தது எங்கள் ஷோட்டோகான், மாபுனி வழியில் வந்தது ஷிட்டோ ரியூ. ஒரே வாத்தியாரிடம் படித்த இருவர் ஆளுக்கொரு நம்பர் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தக் கணக்கை ஒரு ஆரஞ்சு பெல்ட்டும் ஒரு பச்சை பெல்ட்டும் காவிரிக் கரையில் தீர்க்க வேண்டியதாகிவிட்டது.

மறுநாள் இதைச் சபையில் வைத்தேன். சமாதானம் ஆகிவிடுவார்கள் என்று நினைப்பு. ஆரஞ்சு பெல்ட் பயபக்தியோடு கேட்டான்: "அப்ப ஃபுனாகோஷி மாஸ்டர்தான் மாத்தி வச்சுட்டாரா, ஆன்ட்டி?" வகுப்பு பேனரில் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கும் ஃபுனாகோஷியை எல்லாரும் ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார்கள். வெள்ளை பெல்ட்டுக்கு இந்த வேலை தேவையா என்று மகள் என்னைப் பார்த்தாள்.

ஃபுனாகோஷி மாற்றியது அந்த ஒன்றை மட்டுமல்ல. சீன வாடையும் ஒக்கினாவா வாடையும் அடித்த பெயர்களை டோக்கியோக்காரர்கள் வாயில் நுழையும்படி வரிசையாக மாற்றிக்கொண்டே போனார். நைஹான்சி, டெக்கி ஆனது. செய்சான், ஹன்கெட்சு ஆனது. 18ஆம் நூற்றாண்டில் ஒக்கினாவாவுக்கு வந்த ஒரு சீனரின் பெயரால் வழங்கிய குசான்கூ, வானத்தைப் பார்க்கிற கான்கூ ஆனது. வான்சூ என்பது எம்பி ஆனது.

ஏன் எம்பி என்று ஒரு நாள் கேள்வி வந்தது. ஏழு வயது மஞ்சள் பெல்ட் ஒருத்தி, இதெல்லாம் ஒரு கேள்வியா என்ற தோரணையில் சொன்னாள்: "கடைசியில எம்பிக் குதிக்கிறாங்கல்ல, அதான் எம்பி."

அந்தக் கட்டாவின் முடிவில் நிஜமாகவே ஓர் எம்பல் இருக்கிறது. காற்றில் சுற்றிக்கொண்டு இறங்க வேண்டும். ஜப்பானிய மொழியில் எம்பி என்பது பறக்கும் தகைவிலான் குருவியைக் குறிக்கிறது என்று நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். இத்தனூண்டு குருவிக்கு அவ்வளவு பெரிய பேரா என்று சபை அதைத் தள்ளுபடி செய்தது. மஞ்சள் பெல்ட்டின் உரையே இன்றுவரை செல்லுபடியாகிறது. எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

பெயர்ச் சண்டை ஓய்கிற நாளில் நிற்கிற விதம் பற்றிய சண்டை தொடங்கும். ஷோட்டோகான்காரர்கள் காலை நீட்டி, இடுப்பைத் தரையை நோக்கி இறக்கி நிற்பார்கள். ஷிட்டோக்காரர்கள் குறுகலாக, உயரமாக நிற்பார்கள். தாழ நிற்பதுதான் அசல், மற்றதெல்லாம் சோம்பேறித்தனம் என்பது எங்கள் கட்சிக் கொள்கை. தூத்துக்குடிப் பையன் ஒரு நாள் அவன் அப்பாவின் போனில் ஃபுனாகோஷியின் பழைய படங்களைக் கொண்டுவந்து காட்டினான். எங்கள் மூல புருஷர் ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெரியவர் மாதிரி நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். இடுப்பை இறக்கிய பெருமை பெரும்பாலும் அவர் மகனுக்கும் அடுத்த தலைமுறைக்கும் சேர வேண்டியது. ஆரஞ்சு பெல்ட் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "வயசாயிருச்சுல்ல, முட்டி வலிச்சிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னான்.

இத்தனை சண்டையிலும் மாஸ்டர் யார் பக்கமும் பேச மாட்டார். "ரெண்டு பேரும் பண்ணிக் காட்டுங்க" என்பார். காட்டியதும், "சரியா தெரியல, இன்னொரு தரம்" என்பார். அப்புறம் மெதுவாக ஒரு தரம், கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம். வாக்குவாதம் தீராது, தொடை தீர்ந்துவிடும். ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள் என்று சொன்னால் ஓடி ஒளிகிற பிள்ளைகள், நீ செய்வது தப்பு என்று யாராவது சொல்லிவிட்டால் இருட்டுகிற வரைக்கும் செய்கிறார்கள். மாஸ்டருக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. தூத்துக்குடிப் பையனுக்கு அவர் பாதிக் கட்டணம்தான் வாங்குகிறார் என்று கேள்வி.

என்னைப் போலவே தாமதமாக வந்து சேர்ந்தவர் வங்கியில் வேலை பார்க்கும் ஒருவர். பிள்ளைகளுக்கு அவர் அங்கிள். அவருடைய துறை எண்ணிக்கை. கருப்பு பெல்ட் அண்ணன் ஒருவர் கோஜுஷிஹோ செய்வதை ஓரமாக நின்று விரல் விட்டு எண்ணியிருக்கிறார். "கோஜுஷிஹோன்னா அம்பத்து நாலு. இவர் அறுபதைத் தாண்டிப் போயிட்டிருக்காரு. மிச்சத்துக்குக் கணக்கு எங்க?" என்றார். கேள்வி நியாயமானது. எண்ணைப் பெயராகக் கொண்ட கட்டாக்கள் பல. பெயரும் அசைவும் ஒத்துப்போக வேண்டிய கட்டாயம் எதற்கும் இல்லை. கோஜு ரியூ என்ற இன்னொரு பிரிவில் செய்பாய் 18, சன்செரு 36, சுபாரின்பெய் 108. திட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "நூத்தியெட்டா? அப்ப அது சாமி கணக்கு. எண்ணப்படாது" என்றார். பதினெட்டும் சாமி கணக்குதான் என்று இன்னொரு அம்மா சபரிமலைப் படியைக் காட்டி ஆமோதித்தார். அங்கிள் அன்றைக்குக் கணக்கை மூடிவிட்டார்.

அவரிடம் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அந்த 54-லேயே பெரியது, சிறியது என்று இரண்டு இருக்கின்றன. ஓர் அமைப்பில் பெரியது என்கிறதை இன்னோர் அமைப்பில் சிறியது என்கிறார்கள். இதை மட்டும் வெறும் வாய்ச்சண்டை என்று நான் ஒதுக்க மாட்டேன். உலகக் கராத்தே சம்மேளனத்தின் போட்டிகளில் கட்டாவின் பெயரை உரக்க அறிவித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒன்றைச் சொல்லிவிட்டு வேறொன்றைச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஊர் மாறிப் போகிறவர்கள் எந்தச் சபையில் எது பெரியது என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

அந்த விதிப்புத்தகத்தில் இன்னொரு சுவையான இடம், சத்தம். குத்தும்போது மார்பிலோ உடையிலோ தட்டிச் சத்தம் எழுப்புவது குற்றம். காலால் தரையை ஓங்கி மிதிப்பதும் குற்றம். பட்டியலை நான் கவனமாகப் படித்தேன். கஞ்சி அதில் இல்லை. எங்கள் திட்டுச் சபையின் அம்மாக்கள் இந்த ஓட்டையை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். வடிகஞ்சி போட்டு மொடமொடப்பாக்கிய வெள்ளை உடையில் ஆறு வயதுப் பிள்ளை குத்தினாலும் 'டப்' என்று கேட்கும். எதிரி அந்தச் சத்தத்துக்கே ஓடிவிடுவான். ஜவ்வரிசிக் கஞ்சிதான் உத்தமம், வடிகஞ்சி இரண்டாவது கட்டாவுக்குள் உதிர்ந்துவிடும் என்று இதிலும் இரண்டு பிரிவு உண்டு.

2020 டோக்கியோ ஒலிம்பிக்கில் (நடந்தது 2021-இல்) கட்டாவையும் சேர்த்தார்கள். ஆண்கள் பிரிவில் கியூனா ரியோ தங்கம் வென்றார். ஒக்கினாவாவில் பிறந்தவர், அந்தத் தீவுக்கே அது முதல் ஒலிம்பிக் தங்கம். மாஸ்டர் அந்த வீடியோவை எல்லாருக்கும் காட்டினார். கண் இமைக்காத பார்வை, நின்ற இடத்திலிருந்து வெடிக்கிற வேகம், எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. முடிந்ததும் ஆரஞ்சு பெல்ட் ஒரு குறைதான் சொன்னான்: "ஸ்டான்ஸ் கொஞ்சம் உயரம், மாஸ்டர்."

கடைசிச் சண்டை சின்தே பற்றியது. கண்ணைக் குத்துவதெல்லாம் வருகிற பயங்கரமான கட்டா. ஆனால் எங்கள் ஷோட்டோகான் முறையில் அது முடியும்போது, இரண்டு காலையும் சேர்த்து வைத்து, முஷ்டியை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, பின்பக்கமாக மூன்று துள்ளல் துள்ள வேண்டும். முதல்முறை பார்த்தபோது கருப்பு பெல்ட் அண்ணனின் முகம் கல்லாக இருந்தது. எங்கள் முகம் அப்படி இல்லை. தொடங்கிய இடத்திலேயே கட்டா முடிய வேண்டும் என்பது எங்கள் பிரிவின் ஒழுங்கு. முன்னால் போன ஆளைப் பின்னால் கொண்டுவந்து சேர்ப்பதற்காக ஒட்டவைத்ததுதான் அந்தத் துள்ளல் என்பது ஒரு கட்சி. அதற்குள்ளும் ஒரு போர்த் தந்திரம் ஒளிந்திருக்கிறது என்பது மறு கட்சி. துள்ளுகிறவரைப் பார்த்த பிறகு நான் முதல் கட்சி.

மஞ்சள் பெல்ட் ஏழு வயதுக்காரியும் முதல் கட்சிதான் என்பது பெல்ட் எக்ஸாம் அன்று தெரிந்தது. மாஸ்டர் தன் நண்பரான ஒரு ஷிட்டோ மாஸ்டரைச் சிறப்பு விருந்தினராக அழைத்து, சால்வை போட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார். வங்கி அங்கிள் ஹெய்யான் ஷோதானை மொத்தம் 21 என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டே அருமையாகச் செய்தார். முடித்தபோது கோட்டிலிருந்து ஒரு முழம் முன்னால் நின்றார். குனிந்து கோட்டைப் பார்த்தார், மாஸ்டர்களைப் பார்த்தார். வரிசையிலிருந்து மஞ்சள் பெல்ட்டின் குரல் ரகசியமாக, ஆனால் மைதானத்துக்கே கேட்கும்படி வந்தது: "மூணு துள்ளு துள்ளிருங்க அங்கிள், சரியாயிரும்."

அங்கிள் துள்ளினார். துல்லியமாகக் கோட்டில் வந்து நின்று வணங்கினார்.

ஷிட்டோ மாஸ்டர் எங்கள் மாஸ்டர் பக்கம் சாய்ந்தார். "எங்க ஸ்டைல்ல இது கிடையாது" என்றார்.

"எங்க ஸ்டைல்லயும் கிடையாது" என்றார் எங்கள் மாஸ்டர்.

இரண்டு பிரிவுகளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அன்றைக்குத்தான்.