உண்போர் இயல்

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் கணக்கில் ஆறாகப் பிரித்துவிட்டுப் போனார். மரபணு மாற்றப் பயிரைத் தின்னலாமா என்று ஆராய்கிற அறிஞர்களுக்கு அந்தப் பகுப்பு போதவில்லை. அவர்களுடைய சாத்திரத்தில் உயிர்கள் வாயால் பிரிபடும்: நமக்கு முன்னே தின்பன, நமக்காகத் தின்பன, தெரியாமல் தின்பன. இதற்கு இதுவரை எவரும் நூற்பா செய்யாததால், தகுதி பாராமல் யானே துணிந்தேன். அவையோர் பொறுத்தருள்க.

முதலாவது, உயிரில்லா உண்பான். சோதனைக் குழாயில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உப்பும் பெப்சின் என்ற செரிமான நொதியும் கலந்து, அமிலத்தன்மையை பிஎச் 1.2இல் நிறுத்தி, 37 டிகிரிச் சூட்டில் வைத்தால் இவன் பிறப்பான். பயிரில் புதிதாகப் புகுத்திய புரதத்தை இவனுக்கு ஊட்டுவர். அரை நிமிடத்தில் ஒரு துளி, பிறகு சில நிமிடங்களில் ஒரு துளி என்று ஒரு மணி நேரம்வரை எடுத்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓடவிட்டுச் சாயம் ஏற்றுவர். புரதம் மிஞ்சியிருந்தால் நீலக்கோடு தெரியும். செரித்திருந்தால் கோடு இராது. சட்டென மறையும் புரதத்தில் ஒவ்வாமை அச்சம் குறைவு என்பது விதி. பி.டி. பருத்தியிலுள்ள, புழுவைக் கொல்லும் கிரை1ஏசி புரதம் இத்தேர்வில் விரைவாகவே கரைந்துபோகிறது. புழுவைக் கொல்வது நம்மைக் கொல்லாதா என்பார்க்கு விடை: புழுவின் குடல் காரம், நம் இரைப்பை அமிலம், அப்புரதம் பற்றிக்கொண்டு துளையிடும் ஏற்பிகளும் புழுவின் குடலில்தான் உள்ளன.

இரண்டாவது, பதிலி உண்பான், அதாவது எலி. இது குறுவாழ்வெலி, நெடுவாழ்வெலி என இருபாற்படும். குறுவாழ்வெலி 90 நாள் தின்னும், பின் அதன் ஈரலும் சிறுநீரகமும் எடைபோடப்படும். நெடுவாழ்வெலி இரண்டாண்டு தின்னும். பிரான்சின் ஆய்வாளர் செராலினி 2012இல் மரபணு மாற்ற மக்காச்சோளம் தின்ற எலிகளின் கட்டிகளைப் படத்தோடு காட்டி உலகைக் கலக்கினார். குழுவுக்குப் பத்தே எலிகள். அவையும் வயதானால் தாமாகவே கட்டி வரும் இனம். அதை வெளியிட்ட இதழ் 2013இல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2014இல் வேறோர் இதழ் அதையே வெளியிட்டது. மூலம் எலி ஒன்றே, உரைகாரர்தாம் பலர்.

கோழியும் ஓர் உண்பான். 42 நாளில் எவ்வளவு தேறியது என்பதே அதன் இலக்கணம். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

இனி மாடு. இந்நூலில் மயங்கும் இடம் இதுவே. மாட்டின் வாய்க்கும் மனிதன் வாய்க்கும் நடுவே ஒரு சுவர் உண்டென்று நெடுங்காலம் நம்பினர். அமெரிக்காவில் 1998இல் ஸ்டார்லிங்க் என்ற மக்காச்சோளத்துக்கு அனுமதி தந்தபோது, தீவனத்துக்கு மட்டும் என்று எழுதினார்கள். அதிலிருந்த கிரை9சி புரதம் மேற்படி குழாய்க்காரனிடம் எளிதில் செரிக்கவில்லை, சூட்டுக்கும் அசையவில்லை. அதனால் மனிதனுக்குக் கூடாது, மாட்டுக்கு ஆகும். நல்ல நூற்பாதான். ஆனால் மகரந்தம் அதைப் படிக்கவில்லை, கிடங்குக்காரரும் படிக்கவில்லை. அந்நாட்டு மக்காச்சோளப் பரப்பில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக விதைத்த பயிர், 2000 செப்டம்பரில் மனிதர் தின்னக் கடைகளில் விற்ற டாக்கோ ஓடுகளில் அகப்பட்டது. பெட்டி பெட்டியாகத் திரும்பப் பெற்றார்கள். ஒவ்வாமை என்று புகார் செய்தவர்களின் இரத்தத்தைச் சோதித்ததில் கிரை9சிக்கு எதிரான அடையாளம் எதுவும் இல்லை. மனிதர் தப்பினார்கள், விழுந்தது சுவர்.

நம் நாட்டில் இச்சுவர் இன்னும் அழகு. 2002இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. அதே கிரை1ஏசி மரபணுவைத் தாங்கிய கத்தரிக்காய்க்கு 2009இல் ஒப்புதல் குழு தலையசைத்தும், அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைத்தார். கத்தரிக்காய் குழம்பு, பருத்தி வேட்டி என்பது பொதுவான எண்ணம். ஆனால் பஞ்சை எடுத்தபின் மிஞ்சும் கொட்டை எங்கே போகிறது? எண்ணெயாகிச் சமையலுக்கு, புண்ணாக்காகித் தொழுவத்துக்கு. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக இராது, புண்ணாக்கில் உண்டு. பசுக்களுக்கு ஊட்டிப் பார்த்த ஆய்வுகளில் அப்புரதம் பாலில் தென்படவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

கடைசி வகை, கேளாது உண்பான். மதுரைத் தெருமுனையில் சுக்கும் கருப்பட்டியும் போட்ட பருத்திப்பாலைச் சுடச்சுட ஊதிக் குடிப்பவர் இவ்வகையினர், யானும் இவ்வகையே. கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பால் அது. இந்தியப் பருத்திப் பரப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் பி.டி. என்றிருக்க, எந்தக் கொட்டை என்று கடைக்காரரும் கேட்பதில்லை, குடிப்பவரும் கேட்பதில்லை.

புறனடை: அமெரிக்கர்கள் ஸ்டார்லிங்கில் சுட்டுக்கொண்டபின், 2001 முதல் தீவனத்துக்கு மட்டும் என்ற அரை அனுமதியை விட்டொழித்தார்கள். ஆகவே நம் ஒப்புதல் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: நூலுக்கோ தீவனத்துக்கோ என்று எந்தப் பயிர் வந்தாலும், மனிதன் தின்பான் என்றே வைத்துச் சோதியுங்கள்.