எடிட்டர் வாய்க்கும் விதம்: ஓர் ஆராய்ச்சி

வலைச்செயலி எழுத முற்படும் ஒருவர் பல எடிட்டர்களையும் சீர்தூக்கிப் பார்த்துத் தகுந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது இத்துறை அறிஞர்களிடையே நெடுநாளாக நிலவிவரும் கொள்கை. வேகம், நினைவகச் செலவு, எக்ஸ்டென்ஷன்கள், விலை என்று பத்தி பிரித்து அட்டவணை போடுவது அவர்கள் மரபு. அக்கொள்கை பிழை என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். எடிட்டரை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. அது வாய்க்கிறது. காரணங்கள் பின்னால், சாவகாசமாக வந்து சேர்ந்துகொள்கின்றன.

காலப் பகுப்புக்கு முச்சங்க மரபைப் பின்பற்றுவதே முறை. முதற்சங்கத்தின் தலைநூல் 'எட்'. 1969இல் யூனிக்ஸுக்காகக் கென் தாம்ஸன் எழுதியது. பயனர் எதையாவது தப்பாக அடித்தால் ஒரு கேள்விக்குறியை மட்டும் காட்டிவிட்டு மௌனமாகிவிடும். என்ன தப்பு, எங்கே தப்பு என்பதெல்லாம் உரையாசிரியர்கள் பாடு.

1976இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் 'விஐ' எழுதத் தொடங்கினார். அவர் பயன்படுத்திய கணினி முனையம் லியர் சீக்லர் நிறுவனத்தின் ஏடிஎம்-3ஏ. நம் கருதுகோளுக்கு இதைவிட வலுவான அகச்சான்று கிடைக்காது. அந்த விசைப்பலகையில் அம்புகளுக்கென்று தனி விசை இல்லை. எச், ஜே, கே, எல் ஆகிய நான்கு விசைகளின் மேலேயே அம்புகளை அச்சிட்டிருந்தார்கள். இன்று டேப் இருக்கும் இடத்தில் எஸ்கேப் இருந்தது. அதனால்தான் விஐயில் அந்த நான்கு எழுத்துகளும் கர்சரை நகர்த்தின. மூச்சுக்கு ஒருமுறை எஸ்கேப்பைத் தட்டுவதும் சுண்டுவிரலுக்குச் சிரமமாக இருக்கவில்லை. முனையம் காட்சிப் பொருளாகிவிட்டது; எஸ்கேப் விசை பலகையின் மூலைக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆனாலும் நான்கு அம்பு விசைகள் உள்ள மடிக்கணினியில் இன்றும் ஒருவர் எச்-ஜே-கே-எல்லில் நகர்ந்தபடி, கையைத் தூக்காமல் இருப்பதால் வேலை விரைகிறது என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்குகிறார். விரையவும் கூடும். ஆனால் விசை முந்தியது, விளக்கம் பிந்தியது என்பதை ஆய்வுலகம் குறித்துக்கொள்ள வேண்டும்.

அதே 1976இல் எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் சகாக்களும் ஈமேக்ஸை உருவாக்கினார்கள். இவ்விரு தரப்பாருக்கும் இடையிலான வழக்கு வடகலை தென்கலை வழக்கைப் போன்றது: தத்துவ வேறுபாட்டை விளக்கச் சொன்னால் பலர் திணறுவார்கள், நாமத்தில் மட்டும் சந்தேகமே வராது. ஸ்டால்மன் அங்கி அணிந்து, பழைய கணினி வட்டு ஒன்றைத் தலைக்குப் பின்னே ஒளிவட்டமாக மாட்டிக்கொண்டு, ஈமேக்ஸ் திருச்சபையின் புனிதராக மேடையேறுவார். ரோமன் எண்ணில் விஐ என்றால் ஆறு. மூன்று விஐ சேர்ந்தால் 666, சாத்தானின் எண் என்பது அச்சபையின் எண்ணியல். ஈமேக்ஸுக்குள் டெட்ரிஸ் ஆடலாம். மனம் சோர்ந்தால் ஆறுதலாகக் கேள்வி கேட்கும் மருத்துவர் ஒருவரும் உள்ளேயே இருக்கிறார். ஈமேக்ஸை முழுதாகக் கற்க முயன்றவர்களுக்கு அவர் தேவைப்படுவார் என்று படைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

விஐயின் வழித்தோன்றலான 'விம்'மை பிராம் மூலனார் 1991இல் வெளியிட்டார். விலை கேட்காமல், விரும்பினால் உகாண்டாவின் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டார். இதன் பயனர்களில் ஒரு சாரார் விரும்பிச் சேர்ந்தவர்கள் அல்லர். கிட்டில் கமிட் செய்யப் போன அப்பாவி, செய்தியை எழுத மறந்தால், வேறு அமைப்பு இல்லாத கணினிகளில் விம்முக்குள்ளே போய் விழுகிறார். வெளியேற வழி தெரியாது. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று 2012இல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் கேட்கப்பட்ட கேள்வி 2017இல் பத்து லட்சம் பார்வைகளைத் தாண்டியது. அந்தத் தளமே அதை அறிவித்துக் கொண்டாடியது. ஓர் எடிட்டரில் ஒருவர் நீடிப்பதற்குப் பற்று ஒரு காரணம் என்றால், பூட்டு இன்னொரு காரணம்.

இடைச்சங்கத்தை விரைவாகக் கடந்துவிடலாம். விண்டோஸ் நோட்பேடில் எச்.டி.எம்.எல். எழுதிப் பழகிய தலைமுறை ஒன்று உண்டு. யூனிக்ஸ் பாணியில் வரி முடியும் கோப்புகளை அந்த நோட்பேட் 2018 வரை அடையாளம் காணவில்லை. நூறு வரி நிரலைத் திறந்தால் உரைநடைச் சுவடிபோல ஒரே வரியாக ஓடும். பிறகு நோட்பேட் பிளஸ் பிளஸ், ட்ரீம்வீவர். 2008இல் வந்த சப்லைம் டெக்ஸ்ட், காலவரம்பு இல்லாமல் சோதித்துப் பார்க்க விட்டுவிட்டு, அவ்வப்போது ஒரு சாளரத்தைத் திறந்து காசு கொடுத்தால் நன்றாக இருக்குமே என்று நினைவூட்டும். அந்தச் சாளரத்தை மூடுவதில் தேர்ந்த கைகள் பல. 2014இல் கிட்ஹப் வெளியிட்ட ஆட்டம், வலைத் தொழில்நுட்பத்திலேயே எடிட்டரைக் கட்டலாம் என்று காட்டியது. 2018இல் கிட்ஹப்பை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 2022 டிசம்பரில் ஆட்டத்தைக் கடல் கொண்டது. ஆட்டத்துக்காகச் செய்த எலக்ட்ரான் என்ற சட்டகம் மட்டும் கரையேறி, போட்டியாளரின் வீட்டுக்கு அஸ்திவாரமாயிற்று.

அந்தப் போட்டியாளர்தான் கடைச்சங்கத்தின் ஏகபோக அரசர், வி.எஸ். கோட். 2015இல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. ஜூரிக்கிலிருந்து எரிக் காமா தலைமையில் உருவானது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2023 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 74 விழுக்காட்டினர் இதைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். வலைச்செயலி எழுதுவதற்கான இந்தக் கருவியே ஒரு வலைச்செயலி. குரோமியம் உலாவிக்குள் ஓடுகிறது. அதன் விளைவு ஒன்று 2017இல் தெரியவந்தது. யாரும் ஒன்றும் தட்டச்சு செய்யாமல் சும்மா இருக்கும்போதே எடிட்டர் கணினியின் மையச் செயலகத் திறனில் 13 விழுக்காட்டைத் தின்பதாக ஒருவர் புகார் செய்தார். துருவிப் பார்த்ததில், குற்றவாளி கண் சிமிட்டிக்கொண்டிருந்த கர்சர். அரை நொடிக்கு ஒருமுறை சிமிட்ட வேண்டியதை, சி.எஸ்.எஸ். அனிமேஷன் நொடிக்கு அறுபது முறை வரைந்துகொண்டிருந்தது. திருத்திவிட்டார்கள்.

இதற்காகப் பயனர்கள் கூட்டமாக வெளியேறினார்களா? இல்லை. அவர்கள் உண்மையிலேயே பொங்கியது அதே ஆண்டில் ஐகானை நீலத்திலிருந்து ஆரஞ்சுக்கு மாற்றியபோதுதான். எதிர்ப்பு தாங்காமல் குழுவினர் மறுபடி நீலத்துக்கே திரும்பினார்கள். செயலகத்தைத் தின்றால் பொறுக்கலாம். நிறத்தை மாற்றினால் பொறுக்க முடியாது.

நம் கருதுகோளுக்கு எதிர்வாதம் ஒன்றை எடுத்துக்கொள்வது நேர்மை. நிரலில் உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் அடிப்பவர்கள் டேப் அடிப்பவர்களைவிட 8.6 விழுக்காடு கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள் என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் 2017 கணக்கெடுப்பிலிருந்து, அனுபவம் முதலியவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும், ஒரு முடிவு வெளிவந்தது. ஆக, சரியான அமைப்பைத் தேர்ந்தால் காசு வரும் என்பார் சிலர். ஸ்பேஸ் விசைக்குச் சம்பளம் எப்படித் தெரியும் என்று இவ்வாய்வு பணிவுடன் கேட்கிறது.

மெய்யான வேறுபாடுகளும் கரைந்துகொண்டுதான் வருகின்றன. முன்பெல்லாம் ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு நிரல்மொழியைத் தனித்தனியே கற்றுக்கொடுக்க வேண்டும். பத்து எடிட்டர், இருபது மொழி என்றால் இருநூறு வேலை. 2016இல் மைக்ரோசாஃப்ட் முன்வைத்த மொழிச் சேவையக நெறிமுறை வந்தபின் முப்பது வேலை போதும். விம் ஆனாலும் ஈமேக்ஸ் ஆனாலும் வி.எஸ். கோட் ஆனாலும், பிழையைச் சுட்டுவதும் பெயரை நிரப்புவதும் பின்னால் இருக்கும் ஒரே சேவையகமாக இருக்கலாம். சண்டைக்கு மிஞ்சுவது தீம், ஃபான்ட், ஐகான்.

தமிழர்க்கு மட்டும் ஒரு நியாயமான அளவுகோல் மிஞ்சுகிறது. நிரலாளர்கள் விரும்பும் ஃபான்ட்களில் எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம். கன்சோலாஸிலும் ஃபிரா கோடிலும் தமிழ் கிடையாது. ஆகவே வலைச்செயலியின் தமிழ் மொழிக் கோப்பைத் திறந்தால், விண்டோஸ் நிர்மலா போன்ற வேறு ஃபான்டைக் கடன் வாங்கிக் காட்டுகிறது. ஒல்லியான 'ர'வும் அகலமான 'ணௌ'வும் கட்டத்துக்குள் அடங்காமல் வரிசை கலைகிறது. டெர்மினலில் ஓடும் எடிட்டர்களில் நிலைமை இன்னும் மோசம். கர்சர் ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலும் நிற்பதுண்டு. அட்டவணைக்காரர்கள் இதற்கென ஒரு பத்தியை இன்னும் ஒதுக்கவில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்பு தேடுவோர் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.