சக்கரம் சுத்தக் கிளம்பின பேத்திக்கு

அம்மாடி, சனிக்கிழமையானா ஈப்போவுக்குப் போய்க் காசு கட்டி மண் பிசையறியாமே? உங்கப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுச் சொன்னான். எங்க காலத்துல பானை வனையற வீட்டுல பொண்ணு எடுக்கறதுன்னா நம்ம ஆளுங்க மூக்கைச் சுளிப்பாங்க. இப்ப அதே மண்ணுல கை வைக்க வரிசையில நிக்கறாங்க. கூலி வாங்கிப் பிசைஞ்சா அழுக்கு, கூலி கொடுத்துப் பிசைஞ்சா கலை. நல்லா இருங்க.

விக்கப் போறேங்கறியாம். அதுக்கு முன்னால ஒரு நடை கோலகங்சார் போ. பேராக் ஆத்தைத் தாண்டினா சாயோங், அங்க கம்போங் கெப்பாலா பெண்டாங். மலாய்க்காரக் குடும்பங்க தலைமுறையா லாபு சாயோங் செய்யுது, சுரைக்காய் மாதிரி இடுப்பு வச்ச தண்ணிக் கூஜா. இப்ப அச்சுல ஊத்தியும் எடுக்கறாங்க. பாதி காய்ஞ்சதும் வழுவழுன்னு இருக்கற கல்லால தேய்ச்சுத் தேய்ச்சு மினுக்குவாங்க. சூளையில செக்கச்செவேல்னு இருக்கறப்பவே தூக்கி நெல்லு உமியில புதைப்பாங்க. உமி புகைஞ்சு, அந்தக் கரி மண்ணுக்குள்ளயே ஏறிக் கறுத்துடும். நீ உன் கறுப்புக் கிண்ணத்துக்கு டப்பாச் சாயம் அடிச்சியாமே? பயப்படாதே, ஹேண்ட்போன் படத்துல யாருக்கும் தெரியாது.

மேல்பூச்சு இல்லாத மண்ணு வேர்க்கும். அந்த வேர்வை ஆவியாப் போறதாலதான் உள்ள தண்ணி சில்லுனு கிடக்குது. வாங்கினவன் ஒழுகுதுன்னு திரும்பி வந்தா, "ஐயா, கரண்டு இல்லாத ஐஸ்பெட்டி வாங்கியிருக்கீங்க"ன்னு சொல்லிப் பாரு. பூச்சாடின்னு சொல்லி வித்திருந்தா மட்டும் வாயை மூடிக்கிட்டுக் காசைக் கொடுத்துடு.

தீபாவளிக்கு அகல் விளக்கு போடப் போறியாம். ஐப்பசியில இந்தப் பக்கம் பொழுது சாஞ்சா மழைதான், மண்ணு எங்க காயும்? கையால தொட்டா காய்ஞ்ச மாதிரி ஏமாத்தும். கன்னத்துல வச்சுப் பாரு. சில்லுனு இருந்தா உள்ள ஈரம் இருக்கு. அவசரப்பட்டுச் சூளையில ஏத்தினா ஆவி வழி தெரியாம வெடிக்கும். பாகப்பிரிவினைக்கு உக்காந்த அண்ணன் தம்பி மாதிரி, தானும் உடைஞ்சு பக்கத்துல இருக்கறதையும் உடைக்கும்.

அப்புறம் விலை. காய்ஞ்சு வெந்து வர்றதுக்குள்ள சாமான் பத்துல ஒரு பங்கு சுருங்கும்பாங்க. சொந்தக்காரங்க கேக்கற விலை அதைவிட வேகமாச் சுருங்கும். மண்ணு, கரண்டு, உடைஞ்சது, உன் முதுகுவலி எல்லாத்தையும் கூட்டித்தான் விலை போடணும். புந்தோங் கச்சாங் பூத்தே வியாபாரிகளைக் கவனிச்சிருக்கியா? ருசி பாருங்கன்னு நாலு கடலை உள்ளங்கையில விழும். அஞ்சாவது கடலைக்கு நீ வெள்ளியை எடுக்கணும்.

கோலசிலாங்கூர் பக்கம் நம்ம குயவர் வீட்டுச் சக்கரம் இன்னும் சுத்துது. தைக்குப் பொங்கல் பானை, கார்த்திகைக்கு அகல். அவங்க பானை அடுப்புல ஏறும், உன்னுது அலமாரியில ஏறும். ஆனா விலையைப் பாரு, உன்னுதுதான் ஒசத்தி! அவங்களுக்கு "கைவினை"ன்னு சீட்டு ஒட்டத் தெரியலை. அங்கயும் போய் உக்காந்து கத்துக்க. ஈப்போவுல காசு கட்டின மாதிரி அங்கயும் கட்டு. பெரியவங்கதானே, சும்மா சொல்லிக் கொடுப்பாங்கன்னு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்காதே.

இன்னொரு சமாச்சாரம். கோலகங்சார்ல 1877-ல ரப்பர் கன்னு நட்டாங்களே, அந்த மரத்தோட வம்சத்தை நம்பித்தான் நம்ம ஜனம் கப்பல் ஏறிச்சு. பால் பிடிக்க மரத்துக்கு ஒரு மங்கு தொங்கும், மண்ணுல செஞ்சு மேல்பூச்சு போட்டது. ஜொகூர், சிங்கப்பூர்ப் பக்கம் சீனர் சூளைகள்ல வெந்து வந்ததுங்க. உங்க பாட்டி இருட்டோட போய், காய்ஞ்ச பாலை உரிச்சு, மங்கைத் துடைச்சு வச்சுத்தான் மரத்தைச் சீவுவா. அதைக் கலைன்னு யாரும் போட்டோ புடிக்கலை. அப்புறம் செம்பனை வந்துச்சு, மங்கெல்லாம் புதருக்குள்ள போச்சு. இப்ப ஈப்போ பழைய டவுன் கோப்பிக் கடைக்காரன் அதுல கள்ளிச்செடி வச்சு மேசைக்கு ஒண்ணு வைக்கிறான்.

வீட்டுக்குப் பின்னால ஒரு சாக்கு நிறைய அந்த மங்கு என்கிட்ட இருக்கு. நீ எனக்கு ஒரு பொங்கல் பானை செஞ்சு கொடு, அடுப்புல வச்சா வெடிக்காததா. பதிலுக்கு மங்கு தர்றேன். "பழைய தோட்டத்து மங்கு"ன்னு எழுதிப் போட்டு வித்துக்க. ஒரு பானைக்கு எத்தனைன்னு நாம ரெண்டு பேரும் பேசிக்கலாம். உங்கப்பனைக் கூட்டிக்கிட்டு வராதே, விலையைக் கெடுத்துடுவான்.