ஒன்பதாம் எண்

1983. நெல்லை டவுனில் ஒரு மொட்டை மாடி. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை எங்கள் இலக்கிய வட்டம் அங்கே கூடும். ஏழெட்டுப் பேர், ஒரு ஜமுக்காளம், சுக்குக் காப்பி. எழுதியவன் கதையை வாசிக்க வேண்டும். மற்றவர்கள் தோலை உரிக்க வேண்டும். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தமிழய்யா. சி.சு. செல்லப்பா 1959 முதல் 1970 வரை நடத்திய ‘எழுத்து’ இதழ்களை பைண்டு செய்து வைத்திருந்தவர். பாராட்டையெல்லாம் அவர் கல்யாண வீட்டுக்கென்று ஒதுக்கியிருந்தார்.

அதிகம் பேச மாட்டார். கைப்பிரதியை வாங்கி, ஓரத்தில் சிவப்புப் பென்சிலால் எண்கள் போட்டுத் தருவார். மதிப்பெண் என்று நினைத்து முதல் தடவை பூரித்துப்போனேன். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களின் வரிசை எண்கள் அவை என்று பிறகுதான் தெரிந்தது. 2 என்றால் மிகைபடக் கூறல். 3, கூறியது கூறல். 8, மற்றொன்று விரித்தல். என் கடைசிப் பத்திக்குப் பக்கத்தில் தவறாமல் 9 விழும்: சென்று தேய்ந்து இறுதல்.

“கதை அங்கனயே முடிஞ்சிட்டேடே, பொறவு எதுக்கு வெளக்கம்?” என்பார்.

அய்யாவுக்கு வயதாகிவிட்டது என்று முடிவுகட்டி, ஆறு மாதம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

இப்போது காலம் பண்பட்டுவிட்டது. போன ஜனவரியில் சென்னையில் என் தொகுப்பு வெளியீடு. அழைப்பிதழில் வாழ்த்துரை, நயவுரை, ஏற்புரை எல்லாம் உண்டு. விமர்சன உரைக்குத்தான் இடம் போதவில்லை. ஐந்து பேச்சு, ஐந்து பொன்னாடை. ஒருவர் புத்தகத்தின் பெயரை மாற்றிச் சொல்லி மனமுருகினார். இன்னொருவர், “கதை முடிந்த பிறகும் வாசகன் கையை விடாமல் வருகிறாரே, அந்தக் கடைசிப் பத்திதான் இவருடைய முத்திரை” என்றார். நானும் ஏற்புரையில் வழக்கம்போல, குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

கல்லூரிப் பெண் ஒருத்தி அதை நம்பிவிட்டாள்.

“எல்லாக் கதையும் படிச்சேன் சார். கடைசிப் பத்தி மட்டும் இல்லாம இருந்தா இன்னும் நல்லா இருக்கும்.”

“நன்றிம்மா” என்று சிரித்தேன். கன்னம் வலிக்க அதே சிரிப்போடு வீடு வந்து, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் படிக்கவே பொறுமையில்லை என்றேன்.

“எல்லாத்தையும் படிச்சேன்னுதானே சொல்லுச்சு?” என்றாள் மனைவி.

ராத்திரி பரணிலிருந்து பழைய கட்டை இறக்கினேன். காகிதம் பழுத்து, மை வெளிறியிருந்தது. சிவப்புப் பென்சில் மட்டும் அப்படியே இருந்தது.

இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் ஏதும் உண்டா என்று பதிப்பாளர் கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். முத்திரையில் கை வைக்கலாமா?