பாதிரியாரின் காவல்

சொந்தமாக மெயில் சர்வர் வைத்தவர் அடுத்துக் கைவைப்பது ஸ்பாம்அசாசின் என்ற குப்பை அஞ்சல் வடிகட்டியில்தான். வரும் கடிதத்துக்கெல்லாம் அது மார்க் போடும். பள்ளிக்கூடத்துக்கு நேர்மாறாக, 5 எட்டினாலே ஃபெயில். முத்திரை குத்துவதோடு அதன் கடமை முடிந்தது. குப்பையில் தள்ள வேறு ஆள் பார்க்க வேண்டும்.

வேடிக்கை, அதிலுள்ள பேயஸ் பகுதி. 1761இல் காலமான பாதிரியார் தாமஸ் பேயஸின் நிகழ்தகவுக் கணக்கு. 200 குப்பை, 200 நல்ல கடிதம் காட்டும்வரை வாயே திறக்காது. குப்பைக்குப் பஞ்சமில்லை, லாட்டரிப் பரிசும் வயாகராவும் வந்து கொட்டும். நல்ல கடிதம் 200க்கு எங்கே போவது? மின்கட்டண நினைவூட்டலையும் வங்கி ஓடிபியையும் அந்தக் கணக்கில் எழுதித்தான் ஒப்பேற்ற வேண்டியிருக்கிறது.

நண்பர்களே, ஆளுக்கு நாலு வரி எழுதிப் போடுங்கள். தலைப்பில் மட்டும் ‘அவசரம்’ வேண்டாம்.